எவ்வளவு தின்றாலும் மெலிந்துகொண்டே போகும் நாய்: கணைய என்சைம் குறைபாடும் அதன் மருந்துகளும்

சாப்பிடாத நாய் மெலிந்தால் வீட்டில் எல்லோரும் பதறிவிடுவோம். தட்டை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிற நாய் மெலிந்தால், "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை கொடு, சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் ஜூலிக்கு அந்தப் பேச்சிலேயே ஐந்து மாதம் போய்விட்டது. ஜெர்மன் ஷெப்பர்டு, பெண், அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. 30 கிலோ இருந்தவள் 21 கிலோவுக்கு வந்தாள். முதுகைத் தடவினால் ஒவ்வொரு எலும்பையும் விரலால் எண்ணலாம். பசி மட்டும் அடங்கவே இல்லை. குப்பைக் கூடை, சுவரில் உதிர்ந்த காரை, கடைசியில் தன்னுடைய மலம் என்று எதையும் விடவில்லை.

அந்த மலத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயின் கதை முழுக்க அதில்தான் எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை, தின்றதைவிட அதிகமாக வெளியே வருகிறதோ என்று தோன்றும் அளவுக்குக் குவியல் குவியலாக. நிறம் பழுப்பு இல்லை, வெளிறிய சந்தன நிறம். பிசைந்த கடலைமாவு மாதிரி இருக்கும், வெயிலில் பார்த்தால் மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தரையில் வழுவழுப்பு நிற்கும். நாற்றமோ சாதாரண நாற்றம் இல்லை, புளித்துக் கெட்டுப்போன பால் வாடை. இரவில் அவள் வயிறு உருள்கிற சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும்.

அந்த ஐந்து மாதத்தில் இரண்டு தடவை பூச்சி மாத்திரை கொடுத்தோம், இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக் போனது, கோழிக்கறியை நிறுத்தினோம், வெறும் தயிர்சாதம் போட்டோம், புரோபயாட்டிக் பொடி, ஈரல் டானிக், பசி டானிக் என்று அலமாரியே மருந்துக்கடை ஆனது. பசியில் துடித்துக்கொண்டிருந்த நாய்க்குப் பசி டானிக் கொடுத்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு நாள் தேறுவாள், ஐந்தாம் நாள் பழையபடி. வேறு ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது ரத்த அறிக்கையை இல்லை. மலம் என்ன நிறம், எத்தனை தடவை, போட்டோ இருக்கிறதா என்றுதான் கேட்டார். போட்டோவைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க, ஒரே ஒரு டெஸ்ட்" என்றார்.

அவர் சந்தேகப்பட்டது கணைய என்சைம் குறைபாட்டை. சுருக்கமாக இ.பி.ஐ. என்பார்கள்.

கணையம் என்றதும் நமக்கு இன்சுலினும் சர்க்கரை நோயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த உறுப்பின் பெரும்பகுதி செய்கிற வேலை வேறு. உணவைச் செரிக்க வைக்கும் என்சைம்கள், அதாவது கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் போன்றவை, கூடவே இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், எல்லாவற்றையும் அதுதான் தயாரித்துச் சிறுகுடலின் தொடக்கத்தில் கொட்டுகிறது. இந்த உற்பத்தி நின்றுவிட்டால் நாய் தின்ற சோறும் கறியும் குடல் வழியாக முழுசாக நடந்து வெளியே போகும், உடம்பில் சேராது. கணையத்துக்குத் தாராளமான கையிருப்பு உண்டு என்பதால் என்சைம் சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறி வெளியே தெரிகிறது. அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த நாய் திடீரென்று உருகுவது போலத் தோன்றும். உள்ளே அழிவு பல மாதங்களாக நடந்திருக்கும்.

பெரும்பாலான நாய்களில் இதற்குக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே என்சைம் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுவது. ஜெர்மன் ஷெப்பர்டு, ரஃப் கோலி இரண்டு இனங்களிலும் இது அதிகம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் வெளிப்படும். இன்சுலின் சுரக்கும் செல்கள் இதில் தப்பிவிடும், ஆகவே சர்க்கரை நோய் கூட வருவதில்லை. இன்னொரு வழியும் உண்டு. கணையம் பல தடவை வீங்கி வீங்கித் தழும்பாகி இந்த நிலைக்கு வருவது; அது வயதான நாய்களிலும் சில சின்ன இனங்களிலும் பார்ப்பது, அங்கே சர்க்கரை நோயும் சேர்ந்து வரலாம். இரண்டில் எதுவானாலும் போன செல் திரும்ப வராது. மருந்து என்று நாம் கொடுப்பது எல்லாம் இல்லாததை வெளியிலிருந்து ஊற்றி நிரப்புகிற வேலைதான், அதுவும் ஆயுள் முழுக்க. இதை முதல் நாளே மனசில் வாங்கிக்கொண்டால் பிறகு வரும் முடிவுகள் எல்லாம் சுலபமாகும். எந்த மாத்திரையைக் கையில் எடுத்தாலும் "இது எந்தக் குறையை நிரப்புகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத டப்பாக்களைத்தான் நாங்கள் ஐந்து மாதம் வாங்கிக் குவித்தோம்.

பரிசோதனையின் பெயர் டி.எல்.ஐ. கணையம் ஒழுங்காக இருந்தால் டிரிப்சினும் அதன் மூலப்பொருளும் கொஞ்சம் ரத்தத்திலும் கசிந்திருக்கும், அந்தக் கசிவை அளப்பதுதான் இது. 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்து ரத்தம் எடுக்க வேண்டும். ஆரோக்கியமான நாய்க்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும், 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் உறுதி. ஜூலிக்கு 1.1. எல்லா ஊரிலும் இதைச் செய்வதில்லை, மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டி வரும், நாய்க்கான சோதனைதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளவும் வேண்டும், ஏனென்றால் ஒரு விலங்கினத்துக்கு உருவாக்கிய டி.எல்.ஐ. இன்னொன்றுக்குப் பயன்படாது. ஒரு நல்ல விஷயம், வாய்வழியாக என்சைம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாலும் இந்தச் சோதனையின் முடிவு மாறாது. முன்பெல்லாம் மலத்தைக் கரைத்து அதில் எக்ஸ்ரே ஃபிலிம் துண்டைப் போட்டு, மேலே இருக்கிற ஜெலட்டின் கரைகிறதா என்று பார்ப்பார்கள். கரைந்தால் டிரிப்சின் இருக்கிறது என்று கணக்கு. அழகான யோசனைதான், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும்கூட இந்த நோய் பிடிபடாது. எங்கள் கையில் "எல்லாம் நார்மல்" என்று இரண்டு அறிக்கைகள் இருந்தன.

சரி, மருந்துக்கு வருவோம்.

இந்த நோயில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒன்றுதான்: பன்றிக் கணையத்தை உலர்த்திப் பொடியாக்கிய என்சைம், பான்கிரியாட்டின். மேல்பூச்சு இல்லாத பொடியாக இருக்க வேண்டும். வழக்கமான தொடக்க அளவு ஒரு வேளை உணவுக்கு, 10 கிலோ எடைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 2.8 கிராம் போல. பொடிக்குப் பொடி வீரியம் மாறும் என்பதால் டப்பாவில் போட்டிருக்கும் லைப்பேஸ் யூனிட்டைப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் கடைசி அளவு. மனிதர்களுக்கு விற்கும் கணைய என்சைம் மாத்திரை, கேப்சூல்களில் இரைப்பை அமிலத்தில் கரையாதபடி பூச்சு போட்டிருப்பார்கள். நாயின் வயிற்றில் இவை உணவோடு ஒன்றாக இறங்காமல் பின்தங்கிவிடும், பூச்சு கரையும் நேரத்துக்குள் உணவு முன்னே போய்விடும். சில நாய்களுக்கு அவை வேலை செய்வதும் உண்டுதான், ஆனால் பொடி கிடைக்கிற பட்சத்தில் பொடியில் ஆரம்பிப்பதே நல்லது. கேப்சூலைத் திறந்து உள்ளே இருக்கிற குட்டிக் குட்டி மணிகளைத் தூவினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். பூச்சு அந்த மணிகளின் மேல்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அஜீரணத்துக்கு என்று மருந்துக்கடையில் தருகிற செரிமான சிரப்புகளின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பூஞ்சை டயஸ்டேஸும் பெப்சினும் இருக்கும். டயஸ்டேஸ் மாவுச்சத்துக்கு, பெப்சின் இரைப்பையே சுரப்பது. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் அதில் இல்லை. இந்த நாய்க்கு எது இல்லையோ அதைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பாட்டிலில் இருக்கிறது. எத்தனை மாதம் ஊற்றினாலும் மலத்தின் எண்ணெய்ப் பளபளப்பு போகாது.

கொடுக்கும் முறை எளிது, ஆனால் ஒரு வேளைகூடத் தவற முடியாது. எங்கள் வீட்டில் இப்படி: சோறும் கறியும் ஆறி, கையில் தொட்டால் சூடே தெரியாத பதத்தில் இருக்க வேண்டும், சூடு என்சைமைக் கொன்றுவிடும். பொடியைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கையால் ஒவ்வொரு பருக்கையிலும் படும்படி பிசைவோம். இருபது நிமிஷம் அப்படியே மூடி வைப்போம். திறந்து பார்த்தால் சோறு நீர்த்துக் குழைந்திருக்கும், கறியின் ஓரம் நைந்து போயிருக்கும். கண்முன்னே செரிமானம் நடக்கிறது. இந்தக் காத்திருப்பு கட்டாயம் இல்லை என்றும், உடனே கொடுத்தாலும் பலன் ஒன்றுதான் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் நான் விடுவதில்லை, பொடி எங்கேயும் உலர்ந்து தங்காமல் ஊறிவிடும் என்பதற்காக. உலர்ந்த பொடி வாயில் ஒட்டினால் அது செய்யத் தெரிந்த வேலையை அங்கேயும் செய்யும், ஈறும் உதடும் புண்ணாகும். சில நாய்களுக்கு வாயில் ரத்தமே கசியும். அப்போது அளவைக் குறைத்து நன்றாக ஊற வைத்தால் சரியாகிவிடும். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் குடிக்க வைப்பதும் ஈரத்துணியால் வாய் ஓரத்தைத் துடைத்துவிடுவதும் எங்கள் பழக்கம். தூள் பறந்தால் பிசைகிறவர் மூக்கும் எரியும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்களைத் தள்ளியே இருக்கச் சொல்லுங்கள்.

இதில் வழுக்குகிற இடம் நொறுக்குத் தீனி. வேளைக்கு வேளை ஒழுங்காகப் பொடி போட்டுவிட்டு, நடுவில் ஒரு பிஸ்கட், ஒரு துண்டு தோசை என்று நீட்டினால் அது என்சைம் இல்லாமல்தான் உள்ளே போகிறது. எங்கள் அம்மா காலையில் இட்லி பிட்டுப் போடுவதை நிறுத்த இரண்டு மாதம் ஆனது. "ஒரு வாய்தானே" என்பார். மறுநாள் காலை அந்த ஒரு வாய் வாசலில் கிடக்கும். எதைக் கொடுத்தாலும் பொடியில் பிசைந்து கொடுக்கலாம், சும்மா கொடுக்கக் கூடாது என்று பேசி முடிவு செய்த பிறகுதான் வீடு அமைதியானது.

செலவு பெரிய விஷயம். 25 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு இரண்டரை டீஸ்பூன், இரண்டு வேளைக்கு ஐந்து, ஆக நாளைக்கு 14 கிராம், மாதம் 420 கிராம். இந்தக் கணக்கில் ஆயுள் முழுக்க வாங்குவது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மலம் கட்டி, எடை ஏறி, நிலைமை நிலைத்த பிறகு மருத்துவரிடம் கேட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மலம் கெடாமல் நிற்கிற குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடிப்பது. பல நாய்களுக்குத் தொடக்க அளவைவிடக் குறைவே போதுமானதாக இருக்கும். இன்னொன்று, பச்சைக் கணையம்.

பச்சைக் கணையத்தை நறுக்கி உணவில் கலப்பது பழைய முறை, பலனும் நல்ல பலன். 20 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அளவு தேவைப்படும். உறைய வைத்துப் பல வாரம் வைத்துக்கொள்ளலாம், என்சைம் கெடாது; வேக வைத்தால்தான் போய்விடும். நம் ஊர்க் கறிக்கடையில் இதைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு. ஈரல், சுவரொட்டி, குடல், நுரையீரல் எல்லாவற்றுக்கும் பேர் உண்டு, கணையத்தைத் தனியாகக் கேட்டு யாரும் வாங்குவதில்லை. நான் போய்க் கணையம் என்று கேட்டதும் பாய் சுவரொட்டியை எடுத்து வைத்தார். அது மண்ணீரல், ரத்தச் சிவப்பாக இருப்பது, அதில் இந்த என்சைம் கிடையாது. கடைசியில் இரைப்பை முடிந்து குடல் ஆரம்பிக்கிற வளைவில், கொழுப்போடு கொழுப்பாக ஒட்டிக்கிடந்த வெளிறிய இளஞ்சிவப்புச் சதையைக் காட்டினேன். "இதுவா தம்பி, இதை நாங்க கழிச்சுல்ல போடுவோம்" என்று ஆச்சரியப்பட்டார். அன்றிலிருந்து எடுத்து வைத்துத் தருகிறார். ஓர் ஆட்டில் ஒரு கைப்பிடிதான் வரும். அதனால் பொடியை முழுக்க நிறுத்த முடியவில்லை, ஆனால் செலவு இறங்கியது. பச்சைக் கறிக்கு உரிய ஆபத்துகள் இதற்கும் உண்டு, பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் வரலாம். பன்றியின் பச்சைக் கணையத்தை மட்டும் தொடவே வேண்டாம். ஆவ்ஜெஸ்கி என்ற வைரஸ் நோய் பன்றியிலிருந்து அப்படி நாய்க்கு வந்தால் பிழைக்க வழி இல்லை. உலர் பொடியைத் தயாரிக்கும்போது பதப்படுத்துவதால் அதில் அந்தப் பயம் இல்லை.

என்சைமுக்கு அடுத்த இடம் பி12 வைட்டமினுக்கு. இதை நான் சத்து மாத்திரை வரிசையில் சேர்க்க மாட்டேன், இந்த நோயில் இது மருந்தேதான். உணவிலிருக்கும் பி12 குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டுமானால் அதைக் கைபிடித்து அழைத்துப்போக ஒரு புரதம் வேண்டும். மனிதர்களுக்கு அது இரைப்பையில் சுரக்கிறது, நாய்களுக்கோ பெரும்பகுதி கணையத்திலிருந்துதான். கணையம் போனால் அந்தத் துணையும் போய்விடும். போதாததற்கு, செரிக்காத உணவில் பெருகிய பாக்டீரியா வேறு இருக்கிற பி12-ஐத் தின்றுவிடும். அதனால் இ.பி.ஐ. நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு பி12 குறைந்தே இருக்கும். அது குறைந்தால் குடலின் சுவரே சரியாகப் புதுப்பிக்கப்படாது, என்சைம் ஒழுங்காகப் போட்டும் எடை ஏறாமல் நிற்கும், நாய் சோர்ந்து கிடக்கும். பி12 மிகவும் குறைந்த நாய்களின் ஆயுள் குறைவு என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம்.

வழக்கமான முறை, தோலுக்கடியில் ஊசி. வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம், ஒரு மாதம் கழித்து ஒன்று, அதற்கு ஒரு மாதம் கழித்து ரத்தத்தில் அளவு பார்ப்பது. எடையைப் பொறுத்து 250 முதல் 1,500 மைக்ரோகிராம் வரை. தினமும் வாய்வழியாக அதிக அளவில் கொடுத்தாலும் போதிய அளவு உள்ளே போகிறது என்று இப்போது தெரிந்திருப்பதால் ஊசிக்குப் பயப்படும் நாய்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. மனிதர்களுக்கான பி12 மாத்திரையை வாங்கினால், குறிப்பாக மென்று தின்கிற, நாக்கில் கரைகிற வகையென்றால், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று லேபிளைப் பார்த்தே ஆக வேண்டும். நமக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். ஜூலிக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் வாசலில் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். அதுவரை மலம் தேறியிருந்தது, ஆள் தேறவில்லை.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். செரிக்காத உணவு குடலில் கிடந்தால் பாக்டீரியா கூட்டம் நிலைகுலையும் என்பது உண்மை, அதனால் முன்பு நோய் தெரிந்த உடனேயே டைலோசினோ மெட்ரோனிடஸோலோ சேர்த்து எழுதுவது வழக்கம். டைலோசின் கோழிப்பண்ணைகளில் தெரிந்த மருந்து, கடும் கசப்பு, நாய்க்குக் கேப்சூலில் போட்டால்தான் இறங்கும். என்சைமும் பி12-உம் சரியான அளவில் போய்ச் சில வாரம் ஆகியும் வாயுவும் பேதியும் நிற்கவில்லை என்றால் அது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை மலம் இளகும்போதும் மெட்ரோனிடஸோல் கொடுக்கிற பழக்கம் நல்லதில்லை. ஆரோக்கியமான நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே குடலின் நல்ல பாக்டீரியா வெகுவாகக் குறைந்து, மருந்தை நிறுத்தி நாலு வாரம் ஆன பிறகும் சில நாய்களில் பழைய நிலைக்கு வரவில்லை. எங்கள் ஐந்து மாதத்தில் "நாலு நாள் தேறுவாள்" என்று சொன்னேனே, அது இந்த மருந்தின் வேலைதான். அந்த நாலு நாள் நிம்மதிதான் உண்மையான நோயை எங்கள் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். வாயில் கொடுக்கும் லைப்பேஸில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடுகிறது என்பதால், அளவை ஏற்றியும் கொழுப்பு மலத்தில் போய்க்கொண்டே இருந்தால் ஒமெப்ரஸோல் மாதிரி அமிலம் குறைக்கும் மருந்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். முதல் நாளே தொடங்க வேண்டியது இல்லை. வைட்டமின் ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை, கொழுப்பு உறிஞ்சப்படாவிட்டால் இவையும் குறையும், சோதித்துக் கொடுக்கலாம். புரோபயாட்டிக் சில நாய்களுக்கு மலத்தைக் கட்டும். கெடுதல் இல்லை, ஆனால் என்சைம் டப்பா வாங்கப் பணம் இடிக்கிறது என்றால் முதலில் நிறுத்த வேண்டியது இதுதான். இசப்கோல் கொடுக்கச் சொல்லிப் பலரும் சொல்வார்கள். பெருங்குடல் பேதிக்கு அது நல்ல கைமருந்து, இங்கே வேண்டாம். நார்ச்சத்து கூடினால் என்சைம் வேலை செய்வது தடைப்படும். அதே காரணத்துக்காகக் காய்கறி, கேழ்வரகு, தவிடு எல்லாவற்றையும் குறைத்து, எளிதில் செரிக்கிற குழைந்த வெள்ளைச் சோறும் கறியும் முட்டையுமாகப் போவது நல்லது. கொழுப்பை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள் சிலர். இந்த நாய்க்கு எடை ஏற வேண்டும், கொழுப்பில்லாமல் அது நடக்காது. மிதமாக, நாய் தாங்குகிற அளவுக்கு இருக்கட்டும். கணைய வீக்கத்தால் வந்த குறைபாடு என்றால் மட்டும் கதை வேறு, அங்கே கொழுப்பைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிப்பதும் முக்கியம்.

பேதியை உடனே நிறுத்த வேண்டும் என்று வீட்டில் இருக்கிற லோபரமைடு மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் அதனால் எந்தப் பயனும் இல்லை. கோலி நாய்க்கோ அது ஆபத்தே. அந்த இனத்தில் பல நாய்களுக்கு எம்.டி.ஆர்.1 என்ற ஜீனில் பழுது இருக்கிறது, மருந்து மூளைக்குள் போய்விடாமல் தடுக்கும் கதவு அவற்றுக்கு வேலை செய்யாது. 2001-இல் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் இது. லோபரமைடு, அதிக அளவு ஐவர்மெக்டின் எல்லாம் அவற்றின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். இ.பி.ஐ. அதிகம் வருகிற இனமும் கோலிதான் என்பதால் சொல்கிறேன். வயிற்றுவலி என்று நினைத்து ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் கொடுப்பதும் வேண்டாம், நாயின் இரைப்பையில் ஓட்டையே விழலாம்.

எப்போது பலன் தெரியும்? மலம் முதலில் மாறும், பல நாய்களில் ஒரு வாரத்துக்குள். எங்கள் வீட்டில் நாலாம் நாள் காலை வாசலில் பழுப்பு நிறத்தில், உருண்டையாக, ஒரே ஒரு குவியலைப் பார்த்தேன். அதைப் போட்டோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன், அவரும் சந்தோஷப்பட்டார். எடை மெதுவாகத்தான் வரும், ஜூலி 27 கிலோவைத் தொட நாலு மாதம் ஆனது. சிகிச்சை பெற்ற 178 நாய்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வந்த ஓர் ஆய்வில் 60 சதவீத நாய்கள் நன்றாகத் தேறின, 17 சதவீதம் ஓரளவு, 23 சதவீதம் சரியாகத் தேறவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நாய்களை முதல் வருஷத்துக்குள்ளேயே கருணைக்கொலை செய்துவிட்டார்கள். ஒட்டுமொத்த நடுத்தர ஆயுள், சிகிச்சை தொடங்கியதிலிருந்து 1,919 நாள், அதாவது ஐந்து வருஷத்துக்கு மேல். முதல் சில மாதத்தைக் கடந்து தேறிவிட்ட நாய் நெடுநாள் இருக்கும் என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. அந்த முதல் சில மாதத்தில்தான் பொடியின் விலையும் வாசல் கழுவுகிற அலுப்பும் சேர்ந்து பலர் கையை விட்டுவிடுகிறார்கள்.

நடுநடுவே சறுக்கும். நன்றாக இருந்த நாய்க்குத் திடீரென்று மலம் இளகினால் புது மருந்தைத் தேடுவதற்கு முன்னால் நான் பார்க்கிற வரிசை இது: பொடி டப்பா புதிதா, ஈரம் பட்டதா, காலாவதி தேதி தாண்டியதா, யாராவது சும்மா ஏதாவது கொடுத்தார்களா, பி12 பார்த்து எத்தனை மாதம் ஆனது. பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டி, வலியில் நிலைகொள்ளாமல் தவித்தால் மட்டும் வரிசையெல்லாம் பார்க்காமல் உடனே ஓட வேண்டும். ஷெப்பர்டுகளில், குறிப்பாக இந்த நோய் உள்ளவற்றில், குடல் முறுக்கிக்கொள்வது நடந்திருக்கிறது, அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

டி.எல்.ஐ. சரியாக இருந்து நாய் மெலிகிறது என்றால் இந்தப் பொடி உதவாது, அது வேறு நோய். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, கொக்கிப்புழு, உண்ணிக் காய்ச்சல், உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். அங்கே நாய் இதுவரை தின்னாத புதுப் புரத உணவை மட்டும் இரண்டு வாரமாவது கொடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலும் முதல் படி, ஸ்டீராய்டு கடைசிப் பக்கம். ஆனால் அங்கேயும் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நீண்டநாள் பேதியில் அதுவும் குறைகிறது.

கடைசியாக, ஜூலியை வாங்கிய இடத்துக்குப் போன் செய்து சொன்னோம். இந்த நோய் பரம்பரையாக வருகிறது, ஆனால் ஒரே ஜீனில் அடங்குகிற நேரான கணக்கு இல்லை. இரண்டு பக்கமும் நோயுள்ள ஜோடிக்குப் பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டுக்கு மட்டும் வந்த பதிவு இருக்கிறது. ஆகவே ஜூலியோடு பிறந்த மற்ற நாலு குட்டிகளுக்கும் வரும் என்று சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. அவற்றில் ஒன்றை வளர்ப்பவர் ரத்தம் கொடுத்துப் பார்த்தார், டி.எல்.ஐ. 3.8 வந்தது, நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவில். நாய் கொழுகொழுவென்று இருக்கிறது, மலமும் சரியாக இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கொடுக்க மருந்து எதுவும் இல்லை, அழிவைத் தடுத்து நிறுத்தும் மருந்தும் இதுவரை கிடையாது. இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம், மாதம் ஒருமுறை எடை பாருங்கள், சில மாதம் கழித்து மறுபடி டி.எல்.ஐ. எடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாதம் முதல் ஞாயிறு காலையில் அவர் எனக்கு எடை இயந்திரத்தின் போட்டோவை அனுப்புகிறார். போன ஞாயிறு 33.4 கிலோ.